பத்தாம் வகுப்பு மதிப்பெண் யாருக்கு வேண்டும்?

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் அந்த வரி மறுபடியும் தலைகாட்டுகிறது: ‘பத்து, பிளஸ் டூ, டிப்ளமா அனைத்திலும் 60 சதவீதம், அரியர் கூடாது.’ தனியாரை மட்டும் குறை சொல்ல முடியாது. கிராமிய டாக் சேவகர்களை அஞ்சல் துறை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தேர்ந்தெடுக்கிறது. தெற்கு ரயில்வேயோ அப்ரண்டிஸ் தரவரிசையில் ஐடிஐ மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பையும் சேர்த்துச் சராசரி பார்க்கிறது. லேத் ஓட்டப்போகிறவர் பதினைந்து வயதில் சமூக அறிவியலில் எவ்வளவு வாங்கினார் என்பது எதற்கு?

2021-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது, ‘தேர்ச்சி’ மட்டும்தான். அந்தப் பிள்ளைகள் பிளஸ் ஒன் போனார்கள், பாலிடெக்னிக் போனார்கள், ஐடிஐயில் ஃபிட்டரும் வெல்டரும் படித்தார்கள். அவர்கள் கை பட்டு எந்த மெஷினும் நின்றுவிடவில்லை. ஓர் ஆண்டு முழுவதும் எண் இல்லாமல் சமாளிக்க முடிந்ததென்றால், மற்ற ஆண்டுகளுக்கு மட்டும் எண் எதற்கு?

சரி, எண் இருக்கிறது. அது எதை அளக்கிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர், திருவொற்றியூர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று மாதத்தில் பொதுத்தேர்வு. எண்ணெயைக் கொட்டிய அதே தொழிற்பகுதி அந்தப் பிள்ளைகளிடமே 60 சதவீதம் கேட்பது அநியாயம் மட்டுமல்ல, திமிர்.

அனல்மின் நிலையத்துக் கொதிகலன் குழாயைப் பற்றவைக்கும் வெல்டரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? இந்தியக் கொதிகலன் விதிகளின்படி, துண்டுக் குழாயைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்கிறார்கள். பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். படத்தில் குறை தெரிந்தால் ஆள் வெளியே. உயிருக்கு ஆபத்தான வேலைக்கே கைவேலைதான் சான்று. ஸ்டோர் கிளார்க்குக்கு மட்டும் மார்க் ஷீட்டா?

ஆயிரம் விண்ணப்பம் வந்தால் சலிக்க வேண்டாமா என்பார்கள் மனிதவள அதிகாரிகள். இது சல்லடையல்ல, சோம்பேறித்தனம். ‘தகுதி’ என்று முழங்குபவர்களுக்குப் பதிலே தேவையில்லை. அவர்கள் சொல்லும் தகுதி பாதிக்குமேல் டியூஷன் கட்டண ரசீது.

வேலை தேடும் தம்பி, தங்கைகளே, கேட்காத இடத்தில் மதிப்பெண்ணை நீட்டாதீர்கள். கேட்ட இடத்தில் பொய் எழுதாதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும். ஆனால், கேட்கும் உரிமையையே பறிக்க வேண்டியது அரசு. 2017-ல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை நிறுத்திய தமிழக அரசுக்கு இது பெரிய காரியமில்லை. அரசுச் சலுகை பெறும் ஆலைகளின் விண்ணப்பத்தில் பள்ளி மதிப்பெண் கட்டமே கூடாது என்று ஓர் அரசாணை போடட்டும். வடசென்னையின் வேலையில்லாத் திண்டாட்டம் பாதி தீரும். மீதிப் பாதியை ஆலை வாசலில் நடத்தும் செய்முறைத் தேர்வு தீர்த்துவிடும்.