பங்களாவுக்குப் பல வாழ்வு, லயத்துக்கு?

பாடசாலையில் "வீடு" என்று சொல்லிப் படம் கீறச் சொன்னால், நமது பிள்ளைகளில் பலர் லயத்தைக் கீறுவதில்லை. மேட்டிலே புகைக்கூண்டு வைத்து நிற்கும் துரை பங்களாவையே கீறுகிறார்கள்.

அந்தப் பங்களாக்களில் பல விக்டோரியா மகாராணி காலத்தவை. முதலில் வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு இருந்தார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. ஜனவசமவின், கூட்டுத்தாபனத்தின் துரைமார் வந்தார்கள். 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போனது. இன்று சில பங்களாக்கள் உல்லாச விடுதிகள். பொகவந்தலாவைப் பக்கம் 1888இல் கட்டிய தியன்சின் பங்களாவும் இப்போது விடுதிதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூரை, குழாய், வெந்நீர் என்று பங்களா புதுசாகிறது.

கீழே இறங்கினால் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் புத்தகமும் அதற்குள்ளேதான். இஸ்தோப்பை அடைத்து இன்னொரு அறை எடுக்கவும் தோட்டத்து உத்தரவு வேண்டும்.

பழைய கட்டிடத்தைக் காப்பாற்றுவது பிழை என்று நாம் சொல்லவில்லை. இடிந்து விழுவதை விட விடுதியாக நிற்பது நல்லது. நம் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலையும் கிடைக்கிறது. ஆனால் பங்களா ஏன் மாறியது என்று யோசிப்போம். அதற்குக் கடதாசி இருக்கிறது. உறுதியோ குத்தகையோ கையில் இருப்பவர் அதில் பணம் போடுகிறார். லயக் காம்பராவில் நாலு தலைமுறை இருந்தாலும் நம் கையில் ஒரு கடதாசி கிடையாது.

ஆகவே நமது கோரிக்கை வெறும் சுவரும் கூரையும் அல்ல. குறைந்தது ஏழு பேர்ச் காணி, அதற்குச் சட்டப்படி பதிந்த உறுதி, அதில் கணவன் பெயரோடு மனைவி பெயரும். விடுதியில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதமும் சேமலாப நிதியும்.

இன்னொன்று. விடுதிச் சுவரில் துரைமாரின் படம் தொங்குகிறது. அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், பங்களாவில் சமைத்தவர், பூந்தோட்டம் பார்த்தவர் பெயர் எங்கே? தோட்டக் கமிட்டி தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் வயதானவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எத்தனை தலைமுறை இங்கே வாழ்ந்தோம் என்ற அந்தக் கணக்கு, உறுதி கேட்டுப் போகும் நாளில் நமக்குக் கை கொடுக்கும்.