நெய்வேலிக்கு நிலக்கரியா?

ஆங்கிலம் என்றாலே நம்மில் பலருக்கு நடுக்கம். அதிலும் மரபுத்தொடர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். தனித்தனியே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும். சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. இதைப் பற்றி என் அனுபவம் ஒன்றைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

சேத்தியாத்தோப்பில் தமிழ்வழியில் படித்துவிட்டு இக்கல்லூரிக்கு வந்தவன் நான். முதலாண்டுத் தேர்வு ஒன்றில், 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்ற தொடருக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். 'நிலக்கரி ஏற்றுமதி வாணிபம்' என்று எழுதினேன். கிடைத்த மதிப்பெண் சுழியம். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்காமல், "உன் ஊருக்குப் பக்கத்தில் நெய்வேலி இருக்கிறதே, அங்கே நிலக்கரி விற்கப் போவாயா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலிருந்து பல நூற்றாண்டுகள் கப்பல் கப்பலாக லண்டனுக்கு நிலக்கரி சென்றது. அப்படிப்பட்ட ஊருக்கே கரி சுமந்து போவது வீண்வேலை அல்லவா? இதைத்தான் என் ஆயா, 'கொல்லன் தெருவில் ஊசி விற்கிறான்' என்பார். அப்பகுதிச் சுரங்கங்கள் இன்று மூடப்பட்டுவிட்டன. தொடர் மட்டும் வாழ்கிறது. நெய்வேலியில் 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1962-இல் பழுப்பு நிலக்கரியால் மின்சாரமும் எடுத்தோம். நம் மண்ணுக்கும் அப்படியொரு தொடர் உரியதுதானே!

மரபுத்தொடர் என்பது ஒரு மக்களின் வாழ்க்கை. அந்த வாழ்க்கை தெரியாமல் தொடரை மட்டும் மனப்பாடம் செய்தால், தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். முதலை இரையைத் தின்னும்போது கண்ணீர் விடும் என்பது மேனாட்டாரின் பழைய நம்பிக்கை. அதிலிருந்து 'முதலைக் கண்ணீர்' பிறந்தது. கைக்குழந்தையோடு மனைவிபோல் வந்து ஊரவை முன் அழுது வணிகனைப் பழிவாங்கிய பழையனூர் நீலியின் கதையிலிருந்து நம் 'நீலிக் கண்ணீர்' பிறந்தது. கதைகள் வேறு, மனிதரின் வஞ்சகம் ஒன்றே. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவன் எதையும் மறக்கமாட்டான்.

எல்லாத் தொடருக்கும் இப்படி இணை கிடைக்காது என்பர் சிலர். உண்மைதான். ஆனால் தேடும்போதே இரு மொழியும் நமக்கு நெருக்கமாகின்றனவே! தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எண்ணி நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்கும் நம் தோழர்களுக்கு, ஆயா சொன்ன பழமொழிகளே கைமுதல் என்று யாரேனும் சொல்ல வேண்டாமா?

ஆகவே, ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து வாரம் ஒரு தொடரையும், அது பிறந்த கதையையும், அதற்கிணையான தமிழ்த் தொடரையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். செலவு ஒரு சுண்ணக்கட்டிதான்.

பேராசிரியர்களுக்கு நான் யோசனை சொல்வது நெய்வேலிக்கு நிலக்கரி கொண்டுபோவதுதான். பொறுத்தருள்க!