நாடு திறந்தது யாருக்காக?

2021 ஜனவரி 21ஆம் திகதி கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையம் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. கொவிட் தொற்றின் காரணமாக 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்ட நாட்டின் கதவுகள் பத்து மாதங்களின் பின்னர் திறந்துகொண்டதை அன்றைய ஆட்சியாளர்கள் பெரும் சாதனையாகவே சொல்லிக்கொண்டனர். அதற்கு ஒத்திகை போல, 2020 டிசம்பர் இறுதியில் உக்ரேனிலிருந்து விசேட விமானங்களில் பயணிகள் மத்தளைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். அவர்களுள் சிலருக்குத் தொற்று இருப்பது கண்டறியப்பட்ட பின்னரும் திறப்பு கைவிடப்படவில்லை.

வந்தவர்கள் 'உயிர்க்குமிழி' என்ற ஏற்பாட்டுக்குள் வைக்கப்பட்டனர். அங்கீகரிக்கப்பட்ட ஹோட்டலில் தங்கலாம், அதன் நீச்சல் தடாகத்தில் நீராடலாம், தெரிவு செய்யப்பட்ட சுற்றுலா இடங்களுக்கு உள்ளூர் மக்களோடு கலக்காமல் சென்று வரலாம், இடையிடையே பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றுக் காலத்தில் இவை நியாயமான நிபந்தனைகள்தாம். ஆனால் அதே நாட்களில், இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருந்த பல்லாயிரம் பேர் குவைத்திலும் கத்தாரிலும் சவூதியிலும் லெபனானிலும் நாடு திரும்ப வழியின்றிக் காத்துக்கிடந்தனர். தனிமைப்படுத்தல் நிலையங்களில் இடமில்லை, விமானங்களில் இடமில்லை என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். வேலை இழந்து, விசா முடிந்து, தூதரக வாசல்களில் நின்ற அந்தக் கூட்டத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலைத் தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற நம் பெண்களும் இருந்தார்கள். விருந்தாளிக்குத் திறந்த கதவு வீட்டுப் பிள்ளைக்கு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி அப்போது எழுப்பப்பட்டது. பதில் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

பழைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நாடு மூடப்பட்டபோதும் திறக்கப்பட்டபோதும் மலையகத் தோட்டத் தொழிலாளி எந்தக் கணக்கில் வைக்கப்பட்டார் என்பது இன்றுவரை பேசப்படாமலே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அரச அலுவலகங்கள், பாடசாலைகள், கோயில்கள், நகரங்களின் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. ஏற்றுமதி வருமானம் நின்றுவிடக் கூடாது என்பது காரணம். 1883 முதல் கொழும்பில் நேருக்கு நேர் நடந்து வந்த தேயிலை ஏலம், வரலாற்றில் முதல் தடவையாக அந்த ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. ஏலம் கூறுவோரும் வாங்குவோரும் தத்தம் வீடுகளிலிருந்து கணினி மூலம் தேயிலையை விற்றார்கள், வாங்கினார்கள். கொழுந்தை இணையவழியில் பறிக்க முடியாதல்லவா?

"நாடு பூட்டிருச்சுன்னாங்க ஐயா. எங்களுக்குப் பெரட்டு மட்டும் ஒருநாளும் நிக்கல" என்றார், 2023 தொடக்கத்தில் நான் டிக்கோயாப் பக்கம் சென்றிருந்தபோது சந்தித்த ஓர் அம்மா. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போவதும், கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்பதும், குறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுவதும் நாடு பூட்டியிருந்த காலத்திலும் வழக்கம்போலவே நடந்தன. ஒருவருக்கொருவர் ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்று வானொலி சொன்னது. ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் லயத்தில், ஒரே பீலித் தண்ணீரை வரிசையில் நின்று பிடிக்கும் மக்களுக்கு அந்த அறிவுரை எப்படிக் கேட்டிருக்கும்? "தேயிலைச் செடிக்கு நடுவுல எடைவெளி இருந்துச்சு ஐயா, வூட்டுக்குள்ளதான் இல்ல" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையிலும் பேலியகொடை மீன்சந்தையிலும் தொற்று பரவியபோது நிலைமை மேலும் மோசமாகியது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்த தோட்டத்து இளைஞர்கள் தொழிலிழந்து ஊர் திரும்பினர். நகரத்தின் நோயை மலைக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அவர்களைத்தான் சில ஊடகங்கள் சுட்டிக்காட்டின. என் தொழிலைச் சேர்ந்தவர்களின் அந்த எழுத்தை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நிற்க. எல்லை, தடுப்பு முகாம், தனிமைப்படுத்தல் என்பனவெல்லாம் 2020இல் உலகத்துக்குப் புதிதாக இருக்கலாம். மலையக மக்களுக்கு அவை பரம்பரைச் சொத்து. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் வழிநெடுக மடிந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு, தோட்டத்துக்கு ஆள் எடுக்கப்பட்டவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. பிளேக்கும் அம்மையும் இல்லை என்று உறுதியான பின்னர்தான் கடல் கடக்க அனுமதி. அதே மண்டபம் பின்னாளில், போருக்கு அஞ்சி ஓடிய இலங்கைத் தமிழர்களின் அகதி முகாமாக மாறியதை வரலாற்றின் குரூரமான நகைச்சுவை என்றுதான் சொல்ல வேண்டும்.

கதவுகள் அதற்குப் பின்னரும் மாறி மாறி மூடித் திறந்தன. 1939 ஓகஸ்டில் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதை இந்தியா தடை செய்தது. சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். 1984இல் போர் அந்தக் கடல் வழியையும் மூடியது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2018இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர். 2021இல் அந்தத் தொகை 1 இலட்சத்து 94 ஆயிரமாக வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று நாடு கைவிரித்தது. அதன் பின் மெல்ல மெல்ல நிமிர்ந்து, 2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர் வந்தார்கள். எரிபொருளும் மருந்தும் வாங்க டொலர் இல்லாமல் வரிசையில் நின்ற நாடு இது. பயணிகளின் வருகையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மலையகத்து இளைஞர் பலருக்கு முச்சக்கர வண்டியிலும் ஹோட்டல் சமையலறையிலும் வழிகாட்டித் தொழிலிலும் அதனால் பிழைப்புக் கிடைத்திருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் அந்தப் பயணிகள் எதைப் பார்க்க வருகிறார்கள்? நானுஓயாவிலிருந்து எல்ல நோக்கிச் செல்லும் ரயிலின் வாசலில் தொங்கியபடி அவர்கள் படம் பிடிப்பது தேயிலை மலையை. அந்த மலையில் கூடையோடு நிற்கும் பெண்ணை. சுற்றுலாச் சபையின் சுவரொட்டியிலும் அவள்தான் நிற்கிறாள். அவளுக்கு அதில் என்ன பங்கு?

எல்லவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஒரு தலைமுறைக்கு முன் அது ஒரு சிறு கடைத்தெரு. இன்று அங்குள்ள கிராமத்தவர்கள் தங்கள் வீட்டில் இரண்டு அறைகளைக் கூடுதலாகக் கட்டி, வெள்ளையடித்து, பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களிடம் காணி உறுதி இருக்கிறது. அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம், சுற்றுலா அதிகார சபையில் பதிவு செய்துகொள்ளலாம். அதே மலைச்சரிவில், அதைவிட அழகான காட்சி தெரியும் இடத்தில் லயம் இருக்கிறது. லயத்துத் தொழிலாளியிடம் உறுதி இல்லை. நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, காம்பரா தோட்டத்தினுடையது. முன்னால் ஒரு சிறு திண்ணையை நீட்டிக் கட்டுவதற்கே துரையின் அனுமதி வேண்டும். இந்த நிலையில் அவர் எந்த வங்கிக்குப் போவார்? நாடு பயணிகளுக்குக் கதவைத் திறந்தபோது, வருகிறவரை உள்ளே அழைக்க அவருக்கென்று சொந்தமாக ஒரு கதவு இருக்கவில்லை.

துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் மட்டும் காலத்துக்கேற்ப மாறிக்கொண்டன. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பழைய பங்களாக்கள் சொகுசு விடுதிகளாகின. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகியது. அவற்றை நடத்துவோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்த கட்டடத்தைப் பழுது பார்த்துத் தொழில் செய்கிறார்கள். பங்களா விடுதிகள் சிலவற்றில் ஓர் இரவுக்கான கட்டணம், பக்கத்து மலையில் கொழுந்து பறிப்பவரின் பல மாதச் சம்பளத்துக்குச் சமம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

சம்பளத்தின் கதை நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லை திறந்த அதே 2021இன் மார்ச் மாதத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024 செப்டெம்பரில் அது 1350 ரூபாவாகியது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், அரசாங்கம் தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு போராட்டம், ஒரு வழக்கு, ஒரு தேர்தல் தேவைப்படுகிறது. சம்பளத்தைப் பேசுகிற அளவுக்கு நம் தொழிற்சங்கத் தலைவர்கள் காணியைப் பேசியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. 1000 ரூபாவை விலைவாசி இரண்டே ஆண்டில் தின்றுவிட்டது. காணி உறுதியை அப்படித் தின்ன முடியாது.

7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் நல்ல தொடக்கம்தான். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10 ஆயிரம் வீடுகளை அறிவித்தார். வீடுகள் மெல்ல எழுகின்றன. லயங்கள் அதைவிட வேகமாக இடிந்து விழுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது மண்சரிவில் லயங்களும் புதையுண்டன, ரயில் பாதையும் பல இடங்களில் பெயர்ந்தது. இடம்பெயர்ந்தவர்கள் முகாம்களில் இருந்த அந்த நாட்களிலேயே, பயணிகள் தாராளமாக வரலாம் என்ற அறிவித்தல்களும் வெளிவரத் தொடங்கின. அறிவித்தவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. பாதுகாப்பான நிலத்தில் தனக்கென ஒரு துண்டைக் கேட்கும் லயத்துக்காரரின் கேள்விக்கும் அதே வேகத்தில் ஓர் அறிவித்தல் வந்திருக்க வேண்டும்.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. பல பத்தாண்டுகளின் பின் கடல் வழி திறந்ததை வரவேற்று எழுதியவர்களில் நானும் ஒருவன். ஹட்டனிலிருந்து காங்கேசன்துறை எவ்வளவு தொலைவு என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. ஒப்பாரிக் கோச்சி போன தலைமன்னார் வழி இன்னமும் மூடியே இருக்கிறது.

2024இல் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் கோத்தகிரியிலிருந்து வந்திருந்த ஒருவரைச் சந்தித்தேன். எழுபதுகளில் பெற்றோரோடு அனுப்பப்பட்டு, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். விமானத்தில் வந்து, பொகவந்தலாவையில் தாம் பிறந்த லயத்தையும் அக்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அக்காவின் காம்பராவில் படுக்க இடம் போதாததால் இரவில் நகரத்து விடுதியில் தங்கினாராம். தமது இந்தியக் கடவுச்சீட்டைப் பிரித்துக் காட்டினார். பிறந்த இடம் என்ற வரியில் பொகவந்தலாவ என்று இருந்தது. இலங்கைக்குள் வரும்போது நிரப்பிய படிவத்தில் வருகையின் நோக்கம் என்ன என்று எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"சுற்றுலான்னுதான் எழுதச் சொன்னாங்க சார்" என்றார்.