கரும்பு வண்டிக்குப் பின்விளக்கு எங்கே?

பெங்களூர் – மைசூர் சாலையில் சென்று வரும் தமிழர்களுக்கு மண்டியாவின் கரும்பு வண்டிகள் புதியவை அல்ல. அங்கே 1933ஆம் ஆண்டிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. அன்று மாட்டு வண்டிகள் சுமந்த கரும்பை இன்று டிராக்டர்களும் இழுக்கின்றன.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட விரைவுச் சாலையின் பிரதான பாதையில், அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் டிராக்டர்களும் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளும் செல்லக் கூடாது என்று தடை போட்டார்கள். தடை நியாயமானதே. ஆனால் தடுக்கப்பட்ட அனைவரும் பக்கத்துச் சர்வீஸ் சாலையில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஆபத்து தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

பகலில் கவலை குறைவு. இருட்டிய பிறகுதான் வினை. டிரெய்லருக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் கரும்பு பின்விளக்கை மறைத்துவிடுகிறது. சில வண்டிகளில் விளக்கே எரிவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். தாழ்த்திய விளக்கில் 40 மீட்டருக்கு அப்பால் கரும்புக் கட்டு தெரிவது அரிது. மூன்று நொடிகூடக் கிடைக்காது. பழுதாகி நிற்கும் டிரெய்லர் என்றால் கேட்கவே வேண்டாம். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை நடுச்சாலையிலேயே விட்டுச் செல்வது இன்னொரு கொடுமை.

சட்டத்தில் குறையில்லை. பின்புறத்தில் சிவப்பு ரிப்ளெக்டர் வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆபத்தான இடத்தில் வண்டியை விட்டுச் செல்வதை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு வயல் வரப்பிலும் போலீசாரை நிறுத்த முடியுமா?

நிறுத்தத் தேவையில்லை. ஆலைக்கு வரும் ஒவ்வொரு வண்டியும் எடை மேடையில் ஏறியே தீர வேண்டும். கரும்பை இறக்கிய காலி டிரெய்லரை அங்கேயே சோதிக்கலாம். ரிப்ளெக்டர் இல்லையா? ஒட்டிவிட்டு அனுப்பட்டும். விலையைக் கரும்புப் பணத்தில் பிடித்துக் கொள்ளட்டும். கரும்புக்கு வெளியே தெரியும்படி பின்னால் ஒரு சிவப்பு விளக்கைத் தொங்கவிட வேண்டும் என்பதையும் வெட்டு உத்தரவிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.

கடைசிப் பெட்டி வந்ததை உறுதி செய்யாமல், ரயில் முழுவதும் வந்துவிட்டதாக நிலைய அதிகாரி ஒப்புக்கொள்வதில்லை. தண்டவாளத்துக்கு உள்ள அந்தக் கண்டிப்பு தார்ச்சாலைக்கும் வேண்டாமா?

விவசாயியைத் தண்டிப்பது நோக்கமல்ல. மோதினால் சாகிறவன் மோட்டார் சைக்கிள்காரன். கோர்ட்டுக்கு அலைகிறவன் டிராக்டர்காரன். இருவரும் ஏழைகளே. அடுத்த அரவை தொடங்குமுன் கர்நாடக அரசும் ஆலை நிர்வாகங்களும் ஆவன செய்ய வேண்டும்.