காகா அனுப்பிய கதிமா

புனே பக்கம் வந்து பதினாலு வருஷம் ஆகியும் எனக்குத் தெரிந்த மராத்தி வெறும் கவுன்டர் மராத்திதான். "இங்க கையெழுத்துப் போடுங்க", "நாளைக்கு வாங்க", "பாஸ்புக் மெஷின் ரிப்பேர்". இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு பேங்க் ஆபீசர் காலத்தை ஓட்டிவிடலாம், ஓட்டினேன். வீடு போசரியில். வீட்டுக்குள்ளே கண்ணதாசன், இளையராஜா. வாசலைத் தாண்டினால் மராத்தி. நடுவில் கதவு சாத்தியே இருந்தது.

அதைத் திறந்தவர் எங்கள் ஹெட் கேஷியர். கிளையில் எல்லாருக்கும் அவர் காகாதான் (சித்தப்பா என்று அர்த்தம்). ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "சாஹேப், கதிமா கேட்டிருக்கீங்களா?" என்றார். ஏதோ அரசாங்கத் திட்டத்தின் சுருக்கப் பெயர் என்று நினைத்து, "சர்க்குலர் வந்துடுச்சா?" என்று கேட்டேன் :-)

கதிமா என்பவர் கஜானன் திகம்பர் மாட்கூள்கர் (1919-1977). கவிஞர், கதாசிரியர், திரைக்கதை எழுதியவர். சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' (1957) படத்துக்கு எழுதியது இவர்தான். அதுதான் தமிழில் எம்.ஜி.ஆர். நடித்து 'பல்லாண்டு வாழ்க' (1975) என்று வந்தது. சின்ன வயசில் ஊர் டூரிங் டாக்கீஸில் அந்தப் படத்தை ரெண்டு தடவை பார்த்தவன் நான். அப்போது எனக்கு புனே என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

இன்னொன்றும் சொல்லணும். சிவாஜிநகர் போகும் வழியில் வாகடேவாடியில் அவர் வாழ்ந்த வீடு, பெயர் பஞ்சவடி. பழைய பம்பாய் ரோட்டில் அதைத் தாண்டித்தான் வருஷக்கணக்காக பஸ்ஸில் போயிருக்கிறேன். போசரி வழியாக வடக்கே போகும் நாசிக் ரோட்டைப் பிடித்தால் ராமாயணத்துப் பஞ்சவடிக்கே போய்விடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் பால் பாக்கெட், ஈ.எம்.ஐ. என்று நான்!

அவருடைய பெரிய படைப்பு 'கீத ராமாயணம்'. 1955 ஏப்ரல் 1, ராம நவமி அன்று புனே வானொலியில் ஆரம்பித்து, வாரம் ஒரு பாட்டாக அடுத்த ராம நவமி வரை 56 பாட்டுகள். இசை சுதீர் பட்கே. வருஷத்துக்கு 52 வாரம்தானே, 56 எப்படி என்று கணக்குப்பிள்ளை புத்தி கேட்டது. அந்த வருஷம் அதிக மாசம் வந்ததாம். நமக்குச் சூரியனை வைத்துப் பஞ்சாங்கம். அவர்களுக்குச் சந்திரன். சில வருஷங்களில் ஒரு மாசம் கூடுதலாக வரும்.

"மொத்தத்தையும் அனுப்பிடுங்க காகா" என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "எங்க அப்பா வாரத்துக்கு ஒண்ணுதான் கேட்டார். நீங்களும் அப்படியே கேளுங்க. இந்த வருஷமும் அதிக மாசம் இருக்கு, கணக்கு சரியா வரும்." 2023 ராம நவமி, ஒரு வியாழக்கிழமை, முதல் பாட்டு வாட்ஸப்பில் வந்தது. அப்புறம் ஒவ்வொரு வியாழனும் பாட்டு, சாப்பாட்டு நேரத்தில் அர்த்தம்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நூறு பாட்டு லிங்க்கை மொத்தமாகத் தள்ளிவிடுகிற நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. எத்தனை கேட்டோம்? அந்நிய பாஷைப் பாட்டுக்காரனை லிஸ்ட் போட்டுப் பிடிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, இந்தச் சொல் கிராமத்துச் சொல், இதை எங்க ஆத்தா சொல்வாள் என்று ஒருத்தர் சொல்லணும். கதிமாவின் சமஸ்கிருதம் எனக்கு ஓரளவு புரிந்தது. அதை ஒட்டிவரும் சின்ன மராத்திச் சொற்களில்தான் உயிர் இருந்தது, அதற்குக் காகா வேண்டியிருந்தது.

இதில் பெரும்பாலான பாட்டுகள் ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்வது. சித்ரகூடத்தில் ராமன் பரதனைத் தேற்றும் பாட்டு ஒன்று. அம்மா மேலும் தப்பில்லை, அப்பா மேலும் தப்பில்லை, மனுஷன் யாருமே தன் இஷ்டப்படி இல்லை என்கிறான். கடலில் இரண்டு கட்டைகள் சேர்ந்து பிரிவதைச் சொல்லும் இடத்தில் எனக்குக் கணியன் பூங்குன்றனாரின் புணை ஞாபகம் வந்தது. அந்த மாசக் கடைசியில்தான் காகா ரிட்டையர் ஆகி ஆட்பாடிப் பக்கம் போனார். கதிமாவின் சொந்த ஊர்ப் பக்கமும் அதுதான். அர்த்தம் போனில் தொடர்ந்தது.

ஒரு தமிழ் நண்பர் என்னைக் கடிந்துகொண்டார். "பிள்ளைங்களுக்குத் தமிழே தகராறு, இதுல நீங்க வேற மராத்திப் பாட்டா சார்?" அவர் பயம் நியாயம்தான். ஆனால் என் அனுபவம் நேர்மாறு. "உங்க தமிழில் இப்படிப் பாட ஒரு ராமாயணம் உண்டா?" என்று காகா கேட்டபோது நான் கம்பன் என்றேன். "அது படிக்கிறது. பாடறது?" முழித்தேன். வீட்டுக்காரிதான் சமையலறையிலிருந்து, "அருணாசலக் கவிராயர்! எங்க பாட்டு டீச்சர் சொல்லிக்குடுத்தாங்களே" என்றாள். சீர்காழிக்காரர், 1711-1779, இராம நாடகக் கீர்த்தனை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பாடி நான் கேட்டதே இல்லை. கேட்டதும் இல்லை, கேட்கச் சொன்னதும் இல்லை.

மகள் கதையும் உண்டு. மராத்திப் பாட்டு என்றால், "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொள்வாள். கதிமாவின் மயில் பாட்டு (1953-ல் வந்த 'தேவ்பாப்பா' படத்தில் ஆஷா போஸ்லே பாடியது) அவள் பால்வாடியில் ஆடியதாம். நானும் கைதட்டியிருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்கத் தோன்றவில்லை.

56-வது பாட்டு 2024 ராம நவமி அன்று வந்தது. வியாழக்கிழமைக்கு ஒரு நாள் முன்னாடியே, புதன்கிழமை. இப்போது முறை என்னுடையது. வாரம் ஒரு தமிழ்ப் பாட்டு காகாவுக்கு. அர்த்தத்தை நான் சொல்ல, மராத்தியில் மகள் டைப் அடிக்கிறாள். போன வாரம் கண்ணதாசன். அதில் வரும் 'உறவு' என்பதற்கு அவள் போட்ட மராத்திச் சொல் காகாவுக்குப் போதவில்லையாம். இன்னொரு சொல் சொல்லு என்கிறார். நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.