மிதக்கும் சந்தைக்குக் காலை ஐந்து மணிக்கே போகணும்!

பூசணிக்காய், அன்னாசி, முட்டைகோஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு... படகுகளின் முன்பக்கத்தில் நட்டிருக்கும் உயரமான மூங்கில் கழிகளில் இவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொங்குகின்றன. முதல்முறை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்குத் திருஷ்டிப் பூசணிக்காய்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், இது கடையின் போர்டு. ஆறு அகலமானது, மோட்டார் சத்தம் காதைப் பிளக்கும், கூவி விற்றால் யாருக்கும் கேட்காது. அதனால் என்ன விற்கிறோமோ அதைக் கழியில் கட்டிவிடுகிறார்கள். வாங்க வருபவர் தூரத்திலிருந்தே பார்த்துப் படகைத் திருப்புவார்.

இது வியட்நாமின் கன் தோ நகரத்தை ஒட்டிய காய் ராங் மிதக்கும் சந்தை. திபெத் பீடபூமியில் பிறந்து சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா என்று ஐந்து நாடுகளைக் கடந்து ஆறாவதாக வியட்நாமுக்கு வரும் மீகாங் நதி, கடலில் சேரும் முன் பல கிளைகளாகப் பிரிகிறது. அந்த டெல்டாவின் பெரிய ஊர் கன் தோ. தென்கிழக்கு ஆசியாவைக் குறைந்த செலவில் சுற்ற முதுகுப் பையோடு கிளம்பும் இளைஞர்களின் பட்டியலில் இந்த ஊர் பெரும்பாலும் இருக்கும்.

கழிக்கு 'கேய் பெயோ' என்று பெயர். அதற்கு நான்கு விதிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, தொங்குவதை விற்பார்கள். இரண்டு, தொங்கும், ஆனால் விற்க மாட்டார்கள். அது படகுக்காரர் வீட்டுத் துணி, காயப்போட்டிருக்கிறார்கள்! மூன்று, தொங்காது, ஆனால் விற்பார்கள். நூடுல்ஸையும் காபியையும் எப்படித் தொங்கவிடுவது? நான்கு, தொங்குவது ஒன்று, விற்பது வேறொன்று. கழியில் தென்னை ஓலையைக் கட்டியிருந்தால், அந்தப் படகே விற்பனைக்கு என்று அர்த்தம்.

பத்து என்றால் பன்னிரண்டு

காய் ராங் ஒரு மொத்தச் சந்தை. கோயம்பேடு மார்க்கெட்டை ஆற்றில் மிதக்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. பெரிய படகுகள் டெல்டாவின் உள்ளூர்த் தோட்டங்களில் கொள்முதல் செய்து, சரக்கோடு வந்து நங்கூரம் போடும். சரக்கு தீரும்வரை சில நாள்கள் அங்கேயே கிடக்கும். சின்னப் படகுக்காரர்கள் அவர்களிடம் வாங்கிக்கொண்டுபோய், கால்வாய் ஓரத்துக் கிராமங்களிலும் கரைச் சந்தைகளிலும் சில்லறைக்கு விற்பார்கள்.

பெரிய படகு என்பது கடை மட்டுமல்ல, வீடும்தான். பின்பக்கத்தில் அடுப்பு எரியும், குழந்தை தூங்கும், தொட்டியில் பூச்செடி இருக்கும், நாய்கூட இருக்கும். படகின் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருப்பார்கள். ஆற்றில் இருக்கும் கெட்டதை விரட்டவும், படகு தன் வழியைப் பார்த்துப் போகவும் அந்தக் கண்கள் என்பது நம்பிக்கை.

இந்த டெல்டாவில் கணக்கும் கொஞ்சம் தாராளம். 'ச்சுக்' என்றால் வியட்நாமிய மொழியில் பத்து. ஆனால், பழம் விற்கும்போது டெல்டாக்காரர்களின் பத்து, இடத்தைப் பொறுத்து பன்னிரண்டாகவோ பதினான்காகவோ இருக்கும். நம் ஊர்க் கொசுறு மாதிரிதான். கேட்டு வாங்க வேண்டியதில்லை, கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

சந்தை விடிவதற்கு முன்பே ஆரம்பித்து, ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் உச்சத்துக்குப் போய்விடும். ஒன்பது மணிக்கு வந்தால், டூரிஸ்ட் படகுகள் ஒன்றையொன்று வேடிக்கை பார்ப்பதுதான் மிச்சம்.

சந்தைக்கு முன்னால் தோட்டம்

சந்தையைப் பார்த்துவிட்டு நேராக பஸ் ஏறுபவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள். மீதிக் கதை கால்வாய்களுக்குள் இருக்கிறது.

தாழ்வான வண்டல் மண் பூமி இது. அப்படியே மரம் நட்டால் வேர் தண்ணீரில் அழுகிவிடும். அதனால் நீளமாக வாய்க்கால் தோண்டி, அந்த மண்ணையே இரண்டு பக்கமும் மேடாகப் போட்டு, மேட்டில் மரம் வைக்கிறார்கள். ரம்புட்டான், லாங்கன், மங்குஸ்தான், துரியன், பம்ப்ளிமாஸ் எல்லாம் இப்படித்தான் வளர்கின்றன. வாய்க்காலில் மீன் வளரும். வாய்க்காலின் சேற்றை அள்ளி மரத்தடியில் போட்டால் அதுவே உரம். பறித்த பழத்தைச் சின்னப் படகில் ஏற்றினால், வாய்க்காலிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து சந்தை.

வியட்நாமியர்கள் 'வி.ஏ.சி' என்று ஒரு விவசாய முறையைச் சொல்வார்கள். தோட்டம், குளம், கொட்டில் ஆகிய மூன்றுக்குமான வியட்நாமியச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கொட்டிலின் கழிவு குளத்துக்கும் தோட்டத்துக்கும் போகும், தோட்டத்தின் மிச்சம் கொட்டிலுக்குத் தீனியாக வரும். எதுவும் வீணாகாது.

காய் ராங் பக்கத்திலேயே அரிசி நூடுல்ஸ் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. அரிசி மாவைக் கரைத்து, கொதிக்கும் பானையின் மேல் கட்டிய துணியில் மெல்லிசாக ஊற்றி, ஆவியில் வெந்ததும் எடுத்து மூங்கில் தட்டியில் வெயிலில் காயவைக்கிறார்கள். அடுப்புக்கு எரிபொருள் உமி. இலை வடாம் போட்ட பாட்டிகள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு ஆச்சர்யமும் இருக்காது, நூடுல்ஸாக நறுக்கும் கடைசிக் கட்டம் தவிர!

பாலம் வந்தது, படகு குறைந்தது

காய் ராங்கில் ஒரு காலத்தில் ஐநூறுக்கும் மேற்பட்ட வியாபாரப் படகுகள் நின்றன. இன்று அதில் பாதிகூட இல்லை.

காரணம் எளிமையானது. சாலை இல்லாத காலத்தில் ஆறுதான் சாலை. 2000-ல் மி துவான் பாலம் திறந்தது. 2010-ல் ஹாவ் நதியின் மேல் கன் தோ பாலம் வந்தது. கட்டும்போதே, 2007-ல், ஒரு பகுதி இடிந்து விழுந்து 50-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்த பாலம் அது. பாலம் வந்ததும், பரிசலுக்கு வரிசையில் நிற்பதுபோல் ஃபெர்ரிக்குக் காத்திருந்த லாரிகள் நிற்காமல் ஓட ஆரம்பித்தன. வியாபாரி தோட்டத்துக்கே லாரி அனுப்பும்போது, விவசாயி எதற்குப் படகைத் தேட வேண்டும்?

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போகிறது, பழம் அழுகாமல் போய்ச் சேர்கிறது. படகில் வளரும் குழந்தைக்கு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக வேண்டும், அதற்கு நிலையான ஒரு முகவரி வேண்டும். கரையேற நினைக்கும் குடும்பத்திடம், 'நீங்கள் படகிலேயே இருந்தால்தான் போட்டோ நன்றாக வரும்' என்று எந்தப் பயணியாலும் சொல்ல முடியாது.

2016-ல் காய் ராங் சந்தையை வியட்நாம் அரசு தேசியப் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. டூரிஸ்ட்கள் வருகிறார்கள். ஆனால், டூரிஸ்ட் என்ன வாங்குவார்? ஒரு கிண்ணம் நூடுல்ஸ், கன்டென்ஸ்டு மில்க் ஊற்றிய ஐஸ் காபி, காம்போடு சுற்றிச் சுற்றிச் செதுக்கிய ஒரு அன்னாசி. நூறு கிலோ பூசணிக்காய் வாங்கப்போவதில்லை. அதனால் நூடுல்ஸ் படகு பிழைத்துக்கொள்கிறது, பூசணிப் படகு குறைகிறது. மொத்த வியாபாரம் முழுக்கப் போய்விட்டால், நூடுல்ஸ் படகைப் பார்க்க மட்டும் யார் வருவார்கள்?

அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தில் உதாரணம் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து ஒருநாள் பயணமாகப் போய்வரும் டாம்னோன் சதுவாக் சந்தை, மே க்ளாங், தா சின் ஆகிய இரண்டு நதிகளை இணைக்க 1866-ல் வெட்ட ஆரம்பித்த கால்வாயில் வளர்ந்தது. நீளம் சுமார் 32 கிலோமீட்டர். சாலைகள் வந்ததும் விவசாயிகளின் வியாபாரம் கரைக்குப் போய்விட்டது. இப்போது அங்கே பெரும்பாலும் டூரிஸ்ட்களுக்கான தின்பண்டம், தொப்பி, யானை பொம்மை. பார்க்க அழகுதான். ஆனால், உள்ளூர்க் குடும்பம் வாரத்துக்கான காய்கறி வாங்க அங்கே வருவதில்லை.

உப்பு ஏறும் ஆறு

தோட்டங்களுக்கும் கவலை இருக்கிறது. கோடையில் ஆற்றில் நன்னீர் வரத்து குறையும்போது கடல்நீர் உள்ளே ஏறுகிறது. 2016-லும் 2020-லும் இது மிக மோசமாக இருந்தது. 2020 மார்ச்சில் டெல்டாவின் ஐந்து மாகாணங்கள் நெருக்கடி நிலையை அறிவித்தன. பென் ட்ரே பகுதியில் மரங்களைக் காப்பாற்றத் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றினார்கள். காவிரியின் கடைமடை விவசாயிகளுக்கு இந்த வேதனை புரியும்.

நதியின் மேல்பகுதியில் சீனாவும் லாவோஸும் கட்டிய அணைகள் வண்டலைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கீழே மணல் அள்ளுவதால் ஆற்றின் ஆழம் கூடி, உப்பு உள்ளே வருவது இன்னும் சுலபமாகிறது. வியட்நாமின் நெல்லில் பாதிக்கும் மேல் விளையும் பூமி இது. சுமார் 1.7 கோடிப் பேர் வாழ்கிறார்கள். சில விவசாயிகள் உப்பைத் தாங்கும் இறாலுக்கு மாறுகிறார்கள். சிலர் தோட்டத்திலேயே ஹோம்ஸ்டே நடத்தி, விளைச்சல் குறைந்த வருடத்தைச் சமாளிக்கிறார்கள்.

பயணியின் பணம் பாலத்தோடு போட்டிபோட்டு ஒரு சந்தையைக் காப்பாற்றிவிடாது. ஆனால், அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பயணி முடிவுசெய்யலாம். ஐம்பது பேர் ஏறும் படகில் போய் அரை மணி நேரம் போட்டோ எடுத்துத் திரும்புவது ஒரு வகை. சின்னப் படகு அமர்த்தி, சந்தையிலேயே காலைச் சாப்பாடு சாப்பிட்டு, கால்வாய்க்குள் போய், தோட்டத்துக்காரரிடமே பழம் வாங்கி, ஓர் இரவு தங்குவது இன்னொரு வகை. இரண்டாவதில் பணம் படகோட்டிக்கும் விவசாயிக்கும் நேராகப் போகிறது.

கிளம்பும் முன்...

* இந்தியர்களுக்கு வியட்நாம் இ-விசா கிடைக்கும். 90 நாள்கள் வரை தங்கலாம். விண்ணப்பத்தை அரசு இணையதளத்திலேயே நேரடியாகப் போடுவது நல்லது.

* ஹோ சி மின் நகரிலிருந்து கன் தோவுக்கு பஸ்ஸில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கிளம்பும் முன் நகரின் நடுவில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிடலாம். தமிழ் வணிகர்கள் கட்டிய கோயில், இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்த டெல்டாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டு.

* கன் தோவின் நின் கியூ படகுத்துறையிலிருந்து சந்தைக்குப் படகில் அரை மணி நேரம். முதல் நாள் மாலையே படகும் விலையும் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

* பழங்களுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல சீசன். வியட்நாமியப் புத்தாண்டான 'டெட்' நாள்களில் வியாபாரிகள் ஊருக்குப் போய்விடுவார்கள், சந்தை காலியாக இருக்கும். டெட்டுக்கு முந்தைய வாரங்களில் போனால் படகு படகாகப் பூக்கள்.

* சைவச் சாப்பாட்டுக்காரர்கள் 'ஆன் ச்சாய்' என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். 'ச்சாய்' இங்கே டீ அல்ல, சைவம்! பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சைவம் சாப்பிடுவதால், அந்தச் சொல் எல்லாருக்கும் புரியும்.

* ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். நோட்டில் பூஜ்யங்கள் அதிகம் என்பதால், கொடுக்கும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

* படகுகள் அவர்களின் வீடு. துணி காயும் கழியையும் தூங்கும் குழந்தையையும் படம் எடுக்கும் முன், கண்ணைப் பார்த்து ஒருமுறை கேட்டுவிடுங்கள்.