மலையாளி என்றால் கேரளாவா?

பம்பாய் போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் லோக்கல் ரயிலில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே பெட்டியில் குஜராத்தி, மராத்தி, பீகாரி, தமிழன். சாதி தெரியாது, மதம் தெரியாது என்று. பொய்யில்லை. ஜவ்வாது மலையிலிருந்து போன எனக்கும் அந்த ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. இடிக்கிறவன் 'நீ யாரு வூட்டுப் புள்ள' என்று விசாரித்துவிட்டு இடிப்பதில்லை. கீழே போளூருக்குச் சாமை விற்கப் போனாலே 'ஏ மலைக்காரா' என்பார்கள். அங்கே நானும் ஒரு 'பாய்'. இந்தச் சின்ன விடுதலையை இளக்காரமாகப் பேசுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிராமத்தின் மீது அம்பேத்கருக்கு இருந்த கோபம் சும்மா வந்ததல்ல. மலையிலேயே இருக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் எங்கள் மலைக்காரர்களும் உண்டு. ஊரில் கூலி கிடைத்திருந்தால் யார் அங்கே போயிருப்பார்கள்?

ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் அவரவர் எங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தாராவிக்குள்ளேயே கும்பர்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள், கோலிவாடாவில் மீனவர்கள், இன்னொரு பக்கம் திருநெல்வேலித் தமிழர்கள். பகலில் கலக்கிற நகரம் ராத்திரி பிரிந்து படுக்கிறது. நான் தங்கியிருந்த அண்ணன் எங்கள் மலைக்காரர், இருபது வருஷமாக அங்கே இருப்பவர். வேறு வீடு பார்க்கக் கூடப் போனேன். தரகர் சாதி கேட்கவில்லை. "கறி சாப்பிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917ல் பரோடா வந்த அம்பேத்கரைப் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். இப்போது தடி கிடையாது, கேள்வி மரியாதையாக வருகிறது.

அண்ணன் மகள் அங்கேயே பிறந்து படித்தவள். சாதிச் சான்றிதழ் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். அப்பாவின் சான்றிதழைப் பார்த்த எழுத்தர், "மலையாளியா? கேரளாவா?" என்றாராம். அத்தனை மொழிக்காரர்கள் வாழும் ஊரில், தமிழ்நாட்டு மலையில் மலையாளி என்று ஒரு பழங்குடி இருப்பதை விளங்க வைக்க அரைமணி நேரம் ஆகியிருக்கிறது. விளங்கிய பிறகும் பயனில்லை.

இது எழுத்தரின் குணக்கோளாறு இல்லை, சட்டம். 1990ல், இதே பம்பாயின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி வழக்கில், ஆந்திரத்திலிருந்து வந்த பழங்குடி மாணவருக்கு மகாராஷ்டிரத்தில் பழங்குடிக்குரிய ஒதுக்கீட்டு உரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். 'அந்த மாநிலத்தைப் பொறுத்து' என்று அரசியல் சட்டத்தின் 341, 342ஆம் பிரிவுகளில் வரும் சொற்கள்தான் காரணம். 1994லும் 2018லும் இதையே உறுதி செய்தார்கள். ஐ.ஐ.டி. மாதிரி மத்திய நிறுவனத்தில் சான்றிதழ் செல்லும். பக்கத்துத் தெருவிலிருக்கும் மாநில அரசுக் கல்லூரியில் செல்லாது. (பம்பாய் வரை போவானேன்? ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கிற மலையாளிகளே பட்டியலில் சேர்க்கச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

இதில் ஒரு முரண் இருக்கிறது. சொந்த மாநிலத்தில் பட்டியலில் உள்ளவருக்கு நாட்டின் எந்த மூலையிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2023ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு. இழிவு மாநில எல்லையில் நின்றுவிடாது என்று ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் படிப்பு மட்டும் ஏன் நிற்க வேண்டும்? "அவமானம் கூடவே வருதுப்பா, சர்டிபிகேட்டுதான் அரக்கோணத்துலயே எறங்கிடுது" என்றார் அண்ணன்.

அங்குள்ள வார்லிகளும் பில்களும் வெளியாள் வந்து தங்கள் இடத்தைப் பிடுங்குவான் என்று அஞ்சினால் அந்த அச்சம் நியாயமானது. அவர்கள் பங்கில் நாம் கைவைக்க வேண்டாம். புலம்பெயர்ந்த தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் கூடுதல் இடம், அதற்கான செலவு மத்திய அரசுடையது என்று கேட்கலாம். நம் மாநாட்டுத் தீர்மானங்களில் இது வந்து நான் பார்த்ததில்லை. வெளிமாநிலத்தில் வேலை செய்கிற நம் ஆட்களை நாம் இன்னும் கணக்கிலேயே வைக்கவில்லை. அண்ணன் மகளுக்குப் பொதுப்பிரிவில்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.